ஜெட் இன்ஜினில் நெருப்பைத் தேடாதீர்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் பெரியம்மாவை ஹைதராபாத் விமானத்தில் ஏற்றிவிட லாஸ்பேட்டை விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே நின்ற ஏடிஆர் ரக விமானத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “என்னடா, காத்தாடி வெச்ச விமானமா? ஜெட்டுன்னுல்ல நெனச்சேன்.” உள்ளே இருப்பது ஜெட் இன்ஜினின் தம்பிதான், வெளியேதான் காத்தாடி என்று சொல்லிப் பார்த்தேன். “சும்மா சொல்லாத” என்று விபூதியைப் பூசிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. விமானப் பராமரிப்பு படிக்கும் பிள்ளைகளுக்குப் புதுச்சேரியில் சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் பல வருடம் மீனம்பாக்கத்தில் இரவு ஷிஃப்ட். இரண்டு இடத்திலும் காதில் விழுந்த தவறான விளக்கங்களைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் வேர் ஒன்றுதான். ஜெட் என்றதும் எல்லோரும் பின்னால் வரும் நெருப்பை நினைத்துக்கொள்கிறார்கள். முன்பக்கமாக உள்ளே போகும் காற்றை யாரும் கவனிப்பதில்லை.

“சூடான புகை பின்னால் பீய்ச்சி அடிக்குது சார், அதனால பிளேன் முன்னால போகுது.” வகுப்பின் முதல் நாளில் வரும் பதில் இது. 1939இல் ஜெர்மனியில் பறந்த முதல் ஜெட் விமானமான ஹைன்கெல் 178-க்கு இது பொருந்தும். இன்று சென்னையில் ஏறும் ஏ320நியோவுக்குப் பொருந்தாது. அந்த விமானத்தில் வரும் லீப் இன்ஜினின் முன்பக்க ஃபேன் ஏறத்தாழ 2 மீட்டர் குறுக்களவு. அது இழுக்கும் காற்றை 12 பங்கு என்று வைத்துக்கொண்டால், 11 பங்கு நெருப்பின் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. நடுவில் இருக்கும் கோர் பகுதியைச் சுற்றிக்கொண்டு அப்படியே பின்னால் வெளியேறிவிடுகிறது. மிச்சம் ஒரு பங்குதான் உள்ளே போய் அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிகிறது. விமானத்தைத் தள்ளும் விசையில் பெரும்பகுதி அந்த 11 பங்குக் குளிர்ந்த காற்றிலிருந்து வருகிறது.

நோணாங்குப்பம் போட் ஹவுஸில் ஸ்பீடு போட் போவதைப் பார்த்திருப்பீர்கள். பல அவுட்போர்டு மோட்டார்களில் புகை, தண்ணீருக்கடியில் புரொப்பெல்லரின் நடு வழியாகவே வெளியேறும். அதற்காகப் புகைதான் படகைத் தள்ளுகிறது என்று யாராவது சொல்வார்களா? புரொப்பெல்லர் தண்ணீரைத் தள்ளுகிறது. புகை வேலை முடிந்து போகிறது. டர்போஃபேனும், அதாவது முன்னால் ஃபேன் வைத்த இந்த ஜெட் இன்ஜினும், ஏறக்குறைய அப்படித்தான். நெருப்பின் முக்கியமான வேலை ஃபேனைச் சுற்ற வைப்பது.

ஏன் இவ்வளவு சுற்றி வளைத்து? கணக்கு போட்டால் புரியும். 1 கிலோ காற்றை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளினாலும், 10 கிலோ காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்தம் ஒன்றுதான். ஆனால் முதல் வழியில் காற்றுக்கு 5000 ஜூல் ஆற்றல் கொடுத்தாக வேண்டும். இரண்டாவதில் 500 போதும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறவனுக்கு எரிபொருள் மிச்சம். சத்தமும் குறையும். இன்ஜின்கள் வருடத்துக்கு வருடம் தவில் மாதிரி பெருத்துக்கொண்டே வருவதற்குக் காரணம் இதுதான். பெரியம்மா பயந்த ஏடிஆரின் புரொப்பெல்லர் 3.93 மீட்டர் குறுக்களவு. இந்தக் கணக்கை இன்னும் தூரம் இழுத்துக்கொண்டு போன வடிவம் அது. பழசு என்பது பார்வைக் கோளாறு.

அடுத்தது பெயர்க் குழப்பம். முன்னால் நின்று பார்த்தால் தெரியும் பெரிய சக்கரத்தை “டர்பைன்” என்கிறார்கள். செய்தியில்கூட அப்படி வருகிறது. என் வகுப்பில் நெய்வேலியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் கொஞ்சம் அதிகம். வீட்டில் சின்ன வயதிலிருந்தே கேட்ட வார்த்தையாயிற்றே. நெய்வேலியை வைத்தே அதைத் தீர்த்துவிடலாம். அங்கே பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவியாக்கி, அந்த நீராவியில் சுற்றுவது டர்பைன். அது சுற்ற வைப்பது ஜெனரேட்டரை. வாயுவிடமிருந்து சக்தியைப் பிடுங்குவது டர்பைன், அவ்வளவுதான் இலக்கணம். ஜெட் இன்ஜினில் அந்த வேலை நடப்பது எரியறைக்குப் பின்னால், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத இடத்தில். முன்னால் தெரிவது ஃபேன். அது சக்தியைச் செலவழிக்கிற ஆள்.

டர்பைன் பிளேடைப் பற்றி பரீட்சையில் வழக்கமாக எழுதும் ஒரு வரி உண்டு: “மிக உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகத்தால் ஆனது.” பாதி மார்க்தான் போடுவேன். அங்கே வரும் வாயு 1500 டிகிரியைத் தாண்டும். பிளேடின் நிக்கல் கலவையோ 1300-ஐ ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். உலோகம் தாங்குவதாக இருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். எரியறைக்கு முன்னால் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் காற்றைத் திருப்பி, பிளேடின் வயிற்றுக்குள் செலுத்தி, ஊசிமுனை போன்ற துளைகள் வழியாக வெளியே கசியவிடுகிறார்கள். அந்தக் காற்று பிளேடின் மேல் போர்வை மாதிரி படர்ந்து நெருப்பைத் தொடவிடாமல் வைத்திருக்கிறது. அந்தக் குளிர்விக்கும் காற்றே 600 டிகிரி வாக்கில் இருக்கும் என்றால் வகுப்பில் சிரிப்பார்கள். 1500-க்கு முன்னால் 600 குளிர்தானே.

இனி எனக்குப் பிடித்த தவறு. “இன்ஜின் ஒரே ஷாஃப்டுல சுத்துது.” பெரும்பாலான பயணிகள் விமானங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷாஃப்ட், அதாவது சுழல் தண்டு. உள்ளே இருப்பது மெல்லிசாக, நீளமாக; முன்னால் ஃபேன், பின்னால் அதைச் சுற்றும் டர்பைன். அதன் வேகம் என்1. வெளியே இருப்பது குட்டையாக. உயர் அழுத்தக் கம்ப்ரசரும் அதற்குரிய டர்பைனும். அது என்2. போயிங் 737-800இல் வரும் சிஎஃப்எம்56-7பி-யில் நூறு சதவீதம் என்றால் முதலாவது நிமிடத்துக்கு 5175 சுற்று, இரண்டாவது 14460. இரண்டுக்கும் நடுவில் பல்சக்கரமோ கப்ளிங்கோ கிடையாது. காற்று மட்டும்தான் உறவு.

இதைப் புத்தகத்தில் படித்து எனக்கு ஏறவில்லை. ஒரு ராத்திரி மீனம்பாக்கத்தில், நிறுத்தி வைத்திருந்த 737-இன் கீழே நின்றுகொண்டிருந்தேன். கடல்காற்று வீசியதும் ஃபேன் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது. கூடவே ‘கடக்... கடக்...’ என்று சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பதறி மூத்தவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பிளேடைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்; ஆடியது. வேர்ப்பகுதி பள்ளத்தில் செருகி வைத்த மாதிரிதான் இருக்கும், வேகம் எடுத்ததும் மைய விலக்கு விசை இழுத்து இறுக்கிக்கொள்ளும் என்றார். அப்புறம், “உள்ளே கோர் சுத்துதான்னு நெனைக்கிற? அது தூங்குது” என்றார். அன்றைக்குத்தான் இரண்டு ஷாஃப்டும் எனக்குத் தனித்தனியாகப் புரிந்தது.

ஸ்டார்ட் செய்வதும் இதனால் எளிதாக விளங்கும். பேட்டரியில் சாவி திருப்பி ஃபேனைச் சுற்றுவதில்லை. வாலில் இருக்கும் குட்டி இன்ஜினான ஏபியு அழுத்தக் காற்று தரும். அந்தக் காற்று ஸ்டார்ட்டரைச் சுற்ற, ஸ்டார்ட்டர் கியர்பாக்ஸ் வழியாக என்2 ஷாஃப்டை மட்டும் சுற்றும். கால்வாசி வேகம் வந்ததும் எரிபொருள், பொறி. தீ பற்றிக்கொண்டதும் வாயு பின்பக்க டர்பைனையும் தள்ள, உள்ளே ஓடும் காற்றால் ஏற்கெனவே மெதுவாக அசைந்துகொண்டிருந்த ஃபேன் இப்போது வேகம் எடுக்கும். இன்னொன்று: பைக் இன்ஜின் மாதிரி ஸ்பார்க் ஒவ்வொரு சுற்றுக்கும் தேவையில்லை. பற்றிய தீ, எரிபொருளும் காற்றும் வரும்வரை அடுப்பு மாதிரி எரிந்துகொண்டே இருக்கும். பலத்த மழை போன்ற நேரங்களில் மட்டும் முன்னெச்சரிக்கையாக இக்னிஷனைப் போட்டு வைப்பார்கள்.

மழை என்றதும் நம் ஊரில் ஐப்பசியில் தவறாமல் வரும் கேள்வி: “தண்ணி உள்ள போனா தீ அணைஞ்சிடாதா?” சாதாரண மழைக்கு அணையாது. சுற்றும் ஃபேன் தண்ணீரை ஓரத்துக்கு விசிறி அடித்து, சுற்றுவழிக் காற்றோடு அனுப்பிவிடும். ஆனால் அணையவே அணையாது என்று அடித்துச் சொல்வதும் தவறு. 1988 மே 24 அன்று எல் சால்வடோர் நாட்டு டாக்கா (TACA) விமான நிறுவனத்தின் 737 ஒன்று ஆலங்கட்டி மழைக்குள் போய் இரண்டு இன்ஜினும் அணைந்தது. நியூ ஆர்லியன்ஸ் அருகே புல் முளைத்த கரைமேல் இறக்கினார்கள், எல்லோரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்த இன்ஜினின் மூக்குக் கூம்பின் வடிவத்தையே மாற்றினார்கள், கட்டிகள் கோருக்குள் போகாமல் ஓரமாகத் தெறிக்கட்டும் என்று.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழும் என்பதும் இதே வகை பயம். தூக்கி நிறுத்துவது இறக்கை. ஜெட் விமானம் ஒன்று, இன்ஜின் இல்லாமல் 1 கி.மீ. இறங்கும்போது 15 கி.மீ.க்கும் மேல் முன்னே சறுக்கும். புதுச்சேரிக்கு மேல் 10 கி.மீ. உயரத்தில் இரண்டும் நின்றால், காற்றும் ஒத்துழைத்தால், மீனம்பாக்கம் வரை எட்டிவிடலாம். 2001 ஆகஸ்டில் ஏர் டிரான்சாட்டின் ஏ330 அட்லாண்டிக்கின் மேல் எரிபொருள் கசிந்து தீர்ந்து, இருபது நிமிடத்துக்கு நெருக்கமாகச் சறுக்கிப் போய் அசோர்ஸ் தீவில் இறங்கியது. உள்ளே 306 பேர்.

சத்தம் பற்றி ஒன்று. ஏறும்போது ‘படார்’ என்று கேட்டு, பின்னால் தீ நாக்கு நீட்டினால் “வெடிச்சிடுச்சு” என்று வீடியோ போடுகிறார்கள். பல சமயம் அது சர்ஜ். கம்ப்ரசருக்குள் காற்றோட்டம் தடுமாறி முன்பக்கமாகத் திரும்பி அடிப்பது. இன்ஜினுக்கு நல்லதில்லைதான், ஆனால் வெடிப்பு வேறு, இது வேறு.

இறங்கியதும் வரும் பெரிய இரைச்சலுக்கு “இன்ஜினை ரிவர்ஸ்ல சுத்துறாங்க” என்று விளக்கம் சொல்வார்கள். ஃபேன் அதே பக்கம்தான் சுற்றுகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால், இன்ஜின் உறையின் பின்பாதி நழுவித் திறப்பது தெரியும். அங்கே சுற்றுவழிக் காற்றை அடைத்து, பக்கவாட்டுத் தகடுகள் வழியாக முன்பக்கம் திருப்பிவிடுகிறார்கள். கோர் வழியாக வரும் சூடான வாயு வழக்கம்போலப் பின்னாலேயே போகும். தள்ளுவது எந்தக் காற்று என்று ஆரம்பத்தில் சொன்னது நினைவிருந்தால், அதை மட்டும் திருப்பினால் ஏன் போதும் என்று விளங்கும். வண்டியை நிறுத்தும் பெரிய வேலை சக்கர பிரேக்குடையது.

உள்ளே நாம் சுவாசிப்பது இன்ஜின் புகை என்பதையும் விட்டுவிடலாம். பெரும்பாலான விமானங்களில் காற்று கம்ப்ரசரிலிருந்து, அதாவது எரிபொருளைச் சந்திப்பதற்கு முன்பே எடுக்கப்படுகிறது. போயிங் 787 அதையும் விட்டுவிட்டு மின்சாரக் கம்ப்ரசருக்குப் போய்விட்டது. எரிபொருளுக்கும் எரிவது மட்டும் வேலை இல்லை. சூடான ஆயிலிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆயிலைக் குளிர்விக்கும். அந்த வெப்பத்தில் தன்னிடமுள்ள பனித்துகளையும் கரைத்துக்கொள்ளும். 2008 ஜனவரியில் ஹீத்ரோவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 777 ஓடுதளத்துக்கு முன்பே தரையைத் தொட்டதற்குக் காரணம், குழாயில் சேர்ந்த பனி ஒட்டுமொத்தமாகக் கிளம்பி வந்து இந்த வெப்பமாற்றியின் வாயிலேயே அடைத்துக்கொண்டது.

ஆயில் என்றதும் என் கதை ஒன்று. பைக்குக்குக் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ஆயில் பார்த்துப் பழகிய கை. பழகுநராக இருந்தபோது, ராத்திரி முழுக்க நின்ற விமானத்தில் விடியற்காலை ஆயில் கண்ணாடியைப் பார்த்து, குறைவாக இருக்கிறதே என்று டப்பாவை உடைக்கப் போனேன். மூத்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெட் இன்ஜினில் நேரமானால் ஆயில் டாங்கிலிருந்து கியர்பாக்ஸுக்கும் மற்ற மூலைகளுக்கும் இறங்கி ஒளிந்துகொள்ளும். அதை நம்பி ஊற்றினால், அடுத்து ஓடும்போது எல்லாம் திரும்பி வந்து டாங்க் வழியும். இன்ஜின் நின்று கையேடு சொல்லும் நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தவறினால் ஓட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, மறுபடி லாஸ்பேட்டை. ஏடிஆருக்கு ஏபியு கிடையாது. அதனால் சில சமயம், நின்றிருக்கும் விமானத்தின் வலதுபக்கப் புரொப்பெல்லர் அசையாமல் இருக்கும், ஆனால் இன்ஜின் இரைந்துகொண்டிருக்கும். புரொப்பெல்லருக்கு பிரேக் போட்டுப் பிடித்துவிட்டு, உள்ளே கோரை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் காற்றும் எடுக்கிறார்கள். இதற்கு ஹோட்டல் மோடு என்று பெயர். புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் தனி ஷாஃப்டில் இருப்பதால்தான் இது முடிகிறது. “காத்தாடி நிக்குது, அதான் ஆஃப்” என்று அதன் பின்னால் நடந்து போனால் சூடு தாக்கும். பெரியம்மா திரும்பி வந்து போன் செய்தபோது இதைத்தான் கேட்டார்: “காத்தாடி நின்னுடுச்சுடா, ஆனா உள்ள ஏசி ஓடிச்சே, எப்படி?”