மொரீசியஸில் மழைநீர்த் தொட்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

தென்கிழக்குக் காற்று கடலில் அள்ளிய ஈரத்தை நடு மேட்டில் ஏறும்போது கொட்டிவிடுகிறது. மேட்டின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. வரை பெய்யும். காற்று மேற்கே இறங்கும்போது ஈரம் வற்றியிருக்கும். அந்தக் கரைக்கு 900 மி.மீ. கிடைத்தால் பெரிது. ஆகவே மேட்டிலுள்ள கியூர்பிப்பில் இருக்கும் உறவினர் வாங்கிய தொட்டியைப் பார்த்து மேற்குக் கரையின் பிளாக் ரிவரில் வாங்காதீர்கள். மேட்டில் தூறல் அடிக்கடி வரும், 1,000 லிட்டர் தொட்டியே போதும். மேற்கில் தைப்பூசத்தை ஒட்டிய மாதங்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். அங்கே பெரிய தொட்டி வேண்டும். அதுவும் அக்டோபர் வரை தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். மொட்டைமாடி ஈரமாகவும் தெறிக்கவும் போக 80 சதவீதம் கைக்கு வரும். 80 சதுர மீட்டர் மாடியில் 25 மி.மீ. பெய்தால் 1,600 லிட்டர். நாலு பேர், ஆளுக்கு நாளில் ஐந்து முறை, முறைக்கு 6 லிட்டர் என்று கழிப்பறைக்கு மட்டும் விட்டால் 13 நாள் ஓடும்.

பலரும் கோட்டை விடுவது முதல் மழையில்தான். புழுதி, பறவை எச்சம், கடலோரம் என்றால் உப்பும் அதோடு வரும். சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் ஒதுக்குங்கள். 80 சதுர மீட்டருக்கு 80 லிட்டர். செங்குத்தாக ஒரு மீட்டர் குழாய் வைத்து அதுவே போதும் என்பார்கள். 110 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 9 லிட்டர்கூட நிற்காது. மூடியிட்ட டிரம் ஒன்றை வையுங்கள்: முதல் நீர் அதில் நிறைந்தபின் மிதக்கும் பந்து வாயை அடைக்கும், மீதி தொட்டிக்குப் போகும். டிரம்மின் அடியில் சிறு துளை வேண்டும். அது சொட்டிக் காலியானால்தான் அடுத்த மழைக்கு வேலை செய்யும். அந்தத் துளை அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை கம்பி விட்டுப் பாருங்கள்.

தொட்டிக்கு வரும் வாய், வழிந்தோடும் வாய் இரண்டிலும் 1 மி.மீ.க்குக் குறைவான கண்ணுள்ள வலை கட்டுங்கள். 2006-இல் சிக்குன்குனியா படுத்திய பாட்டைப் பார்த்த தீவு இது. மாடிக்குப் புதிதாகக் கசிவு தடுப்புப் பூச்சு அடித்திருந்தால் முதல் சில மழைகளைச் சேர்க்காதீர்கள். இந்த நீர் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் துணிக்கும், குடிக்க அல்ல. பொது விநியோகக் குழாயோடு நேராக இணைக்கவே கூடாது, அழுத்தம் குறைந்தால் பின்னோக்கிப் போய் அங்கே கலக்கும்.

1,000 லிட்டர் ஒரு டன். கெட்டியான கான்கிரீட் மேடை போடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை நிரப்பிவிட்டு, மாடிக் குழாயைக் கழற்றி வெளியே திருப்புங்கள். காலித் தொட்டியைக் காற்று தூக்கிப்போகும்.

வழிந்தோடும் நீரைச் சாக்கடைக்கு விடுவது எளிது, ஆனால் தவறு. நம் வீட்டுக் குழாயில் வருவதில் ஏறக்குறைய பாதி நிலத்தடி நீர். முற்றமெல்லாம் சிமென்ட் பூசியதால் அது நிரம்ப வழியில்லாமல், மழை ஒரே மூச்சில் தெருவுக்கு ஓடுகிறது. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, கழிவுத் தொட்டியிலிருந்தும் தள்ளியே, கல் நிரப்பிய உறிஞ்சுகுழி வெட்டுங்கள். அதற்கு முன் 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் ஊற்றுங்கள், வற்றியதும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை மணிக்கு 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் அந்த இடத்தில் களிமண். வேறு மூலையைப் பாருங்கள்.