பழைய வீட்டின் மாடிக் கிராதியை மீட்ட கதை

நூறாண்டு கடந்த அந்த வீட்டின் கைப்பிடிச் சுவர்மேல் இருந்த வார்ப்பிரும்புக் கிராதியில் பாதிக்கு மேல் உடைந்துபோயிருந்தது. சாதாரணக் குழாய்க் கம்பி போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு முகக்களை தந்ததே அந்தக் கிராதிதான்.

உயரத்தை அறியப் பழைய புகைப்படம் ஒன்று உதவியது. அதில் தெரிந்த செங்கல் வரிசைகளை எண்ணி, சுவரில் அளந்து கணக்கிட்டேன். பிறகு ஒட்டுப்பலகையில் வடிவத்தை வெட்டி மாடியில் நிறுத்தி, தெருவிலிருந்து பார்த்தேன். காகிதத்தில் அழகாக இருந்த நுணுக்கமான கொடிவேலை கீழிருந்து வெறும் கறுப்புத் திட்டாகத் தெரிந்தது. இடைவெளிகளை அகலமாக்கியதும் ஊடே வானம் தெரிந்து, வடிவம் எடுப்பாக நின்றது.

மிஞ்சிய துண்டையே அச்சாக வைத்து வார்க்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் குறைந்தால் பழைய பகுதியோடு சேராது. மர அச்சை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யச் சொன்னேன்.

உண்மையான நோய் அடியில் இருந்தது. கல்லுக்குள் புதைந்த இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கல்லையே பிளந்துவிடும். எனவே துருப்பிடிக்காத எஃகு முளைகளைப் பொருத்தி, இரு உலோகங்களும் தொடாதபடி நைலான் வளையம் இட்டு, நீர் தேங்காமல் அடியைச் சரிவாக முடித்தேன்.

பழைய கிராதி முழங்கால் உயரமே. ஆட்கள் நடமாடும் மாடிக்கு அது ஆபத்து. அதை உயர்த்தினால் வீட்டின் அளவொழுங்கு குலையும். ஆகவே உள்ளே தள்ளி, மெல்லிய கம்பிகளால் தனித் தடுப்பு வைத்தேன். தெருவிலிருந்து அது கண்ணில் படுவதில்லை.