இரண்டு லேன் கார்டு, ஒரே கேட்வே: தோல் கம்பெனி ஆபீஸ் கணினிக்குக் கட்டளை வரியில் நெட்வொர்க் அமைப்பது

ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்தப் பக்கம் போனாலும் தோல் கம்பெனி ஆபீஸில் இப்படி ஒரு கணினி கண்ணில் படும். பின்னால் இரண்டு லேன் ஒயர். ஒன்று ஃபைபர் ரவுட்டருக்குப் போகிறது. இன்னொன்று ஷெட்டில் இருக்கும் ஸ்விட்சுக்கு. வருகைப்பதிவு மெஷினும் கேமரா பெட்டியும் அதில்தான் சொருகியிருக்கும். காலையில் பஞ்ச் விவரம் ஒழுங்காக இறங்கும். சாயங்காலம் லாரி கிளம்ப நிற்கும்போது இ-வே பில் தளம் திறக்காது. ரவுட்டரை அணைத்துப் போடுவார்கள், கணினியையும் அணைத்துப் போடுவார்கள், நெட் வந்துவிடும். மறுநாள் பழைய கதைதான். “அண்ணா, லைட்டு எரியுது, நெட்டு மட்டும் வர்ல” என்று போன் வரும்.

பெரும்பாலும் ரவுட்டர் மேல் தப்பே இருக்காது. இரண்டு கார்டுக்கும் கேட்வே எண், அதாவது வெளியே போகும் வாசலின் எண், கொடுத்திருப்பார்கள். வெளியே போக வேண்டிய பாக்கெட் எந்தப் பக்கம் போவது என்பதை மெட்ரிக் என்ற எண்தான் முடிவு செய்கிறது. சிறிய எண் உள்ள பாதை ஜெயிக்கும். உபுண்டு (லினக்ஸ்) கணினியில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், முதலில் எழுந்த ஒயர் கார்டுக்கு 100, அடுத்ததற்கு 101 என்று தருகிறது. அதனால் கணினி போட்ட நேரத்தில் எந்தக் கார்டு முந்திக்கொண்டதோ, அன்றைக்கு எல்லாமே அந்தப் பக்கம்தான் போகும். ஷெட் பக்கக் கார்டு முந்தினால் இன்டர்நெட் இல்லை. சில நாள் வருவதும் சில நாள் வராததும் இதனால்தான்.

இன்னொரு தப்பும் இதோடு சேர்ந்தே வரும். வருகைப்பதிவு மெஷின், கேமரா பெட்டி போன்றவை கம்பெனியிலிருந்து வரும்போதே 192.168.1 வரிசையில் ஓர் எண்ணோடு வருவது வழக்கம். ரவுட்டரும் 192.168.1.1 என்று இருந்தால் இரண்டு ஒயரும் ஒரே வரிசையாகிவிடும். பிறகு ரவுட்டரைத் தேடிப் போகிற பாக்கெட் ஷெட்டுக்குள் போய் நிற்கும். ஆகவே கணினியில் கை வைக்கும் முன், மெஷினின் மெனுவுக்குள் போய் அதன் எண்ணை 192.168.20.201 என்று மாற்றிவிடுங்கள். நம் கணக்கு இனி இப்படி: நெட் பக்கம் 192.168.1.50, ஷெட் பக்கம் 192.168.20.5.

கீழே வருவது உபுண்டு டெஸ்க்டாப்பின் டெர்மினலில் தட்ட வேண்டியது. கட்டளைகளை போனில் ஒருவர் சொல்ல மற்றவர் தட்டுவது போலவே எழுதியிருக்கிறோம். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து, சொல்லுக்குச் சொல் ஒரு ஸ்பேஸ். புள்ளி, சாய்கோடு, சிறுகோடு இருக்கும் இடத்தில் ஸ்பேஸ் கூடாது; பிங் -சி என்பதில் மட்டும் சிறுகோட்டுக்கு முன் ஒரு ஸ்பேஸ் உண்டு. சுடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது, என்எம்சிஎல்ஐ என்பது நெட்வொர்க்மேனேஜருக்கான கட்டளை.

முதலில் எதையும் மாற்றாமல் பாருங்கள்:

ஐபி லிங்க்

இஎன்பி3எஸ்0, இஎன்பி4எஸ்0 என்பது போலப் பெயர்கள் வரும். இஎன் என்றால் ஈதர்நெட். பி3 என்பது பிசிஐ பஸ் எண், எஸ்0 ஸ்லாட் எண். எந்தப் பெயர் எந்த ஒயர் என்று ஊகிக்க வேண்டாம். ஷெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அதே கட்டளையை மறுபடி கொடுங்கள். எந்த வரியில் நோ-கேரியர் என்று வருகிறதோ அதுதான் ஷெட் கார்டு. இங்கே அது இஎன்பி4எஸ்0 என்று வைத்துக்கொள்வோம்.

ஒயரைத் திரும்பச் சொருகிய பிறகும் நோ-கேரியர் போகவில்லை என்றால் எண் கொடுத்துப் பயனில்லை, கோளாறு ஒயரில்தான். எங்கள் பக்கத்து டேனரிகளில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சுண்ணாம்புத் தொட்டிக்குச் சோடியம் சல்ஃபைடு போடுகிற டேனரியில் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்திருக்கலாம். அது செம்பைக் கறுக்க வைக்கும். ஆர்ஜே45 பிளக்கின் எட்டு ஊசிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தங்க முலாம் மெல்லியதாக இருந்தால் ஊசி முனை பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். துடைத்துப் போட்டால் சில நாள் ஓடும், அவ்வளவுதான். ஒயரில் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புது பிளக் கிரிம்ப் செய்யுங்கள். முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். ஸ்விட்சை ஷெட்டுக்குள் வைக்காமல் ஆபீஸ் பக்கச் சுவரில் வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஒயர் மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இணைப்பு வந்தும் மந்தமாக இருந்தால்:

சுடோ ஈத்டூல் இஎன்பி4எஸ்0

ஸ்பீடு வரியில் 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் நீல ஜோடியையும் பழுப்பு ஜோடியையும் சந்தேகப்படுங்கள். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஊசிகள் போதும். 1000 வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஆனால் எதிரில் இருக்கும் ஸ்விட்சே 100 வேகத்ததாக இருந்தால் அது கோளாறு அல்ல.

இனி எண் கொடுக்கலாம். முதலில் தற்காலிகமாகக் கொடுத்துப் பாருங்கள். தவறினாலும் ரீபூட் செய்தால் போய்விடும். நெட்வொர்க்மேனேஜர் குறுக்கே வராமல் இருக்க அந்தக் கார்டை முதலில் அதன் பிடியிலிருந்து விடுவியுங்கள்:

சுடோ என்எம்சிஎல்ஐ டிவைஸ் டிஸ்கனெக்ட் இஎன்பி4எஸ்0

சுடோ ஐபி அட்ரஸ் ஆட் 192.168.20.5/24 டெவ் இஎன்பி4எஸ்0

சுடோ ஐபி லிங்க் செட் இஎன்பி4எஸ்0 அப்

பிங் -சி 4 192.168.20.201

கடைசியில் இருக்கும் /24-ஐ விட்டுவிடாதீர்கள். அதுதான் 255.255.255.0 என்ற மாஸ்க். விட்டால் கணினி அதை /32 என்று எடுத்துக்கொள்ளும், 192.168.20 வரிசைக்குப் பாதையே உருவாகாது, பிங் ரவுட்டர் பக்கம் போய்த் தொலைந்துவிடும்.

பிங்குக்குப் பதில் வந்தால் நிரந்தரமாக எழுதலாம். ஒவ்வொன்றும் ஒரே வரி, நடுவில் என்டர் தட்டக் கூடாது:

சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஆட் டைப் ஈதர்நெட் ஐஎஃப்நேம் இஎன்பி4எஸ்0 கான்-நேம் ஷெட் ஐபிவி4.மெத்தட் மேனுவல் ஐபிவி4.அட்ரஸஸ் 192.168.20.5/24 ஐபிவி4.நெவர்-டீஃபால்ட் யெஸ்

சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஆட் டைப் ஈதர்நெட் ஐஎஃப்நேம் இஎன்பி3எஸ்0 கான்-நேம் நெட் ஐபிவி4.மெத்தட் மேனுவல் ஐபிவி4.அட்ரஸஸ் 192.168.1.50/24 ஐபிவி4.கேட்வே 192.168.1.1 ஐபிவி4.டிஎன்எஸ் 192.168.1.1

கான்-நேம் என்பதில் வரும் கான், சி-ஓ-என் என்ற மூன்றே எழுத்து. ஷெட் வரியில் கேட்வே இல்லை என்பதைக் கவனியுங்கள். நெவர்-டீஃபால்ட் யெஸ் என்பது அதற்கு இரட்டைப் பூட்டு: நாளைக்கு யாராவது அங்கே டிஹெச்சிபி (தானாக எண் பங்கிடும் முறை) தரும் பெட்டி ஒன்றைச் சொருகி, இதையும் தானியங்கி முறைக்கு மாற்றினாலும், இன்டர்நெட் பாதை அந்தப் பக்கம் திரும்பாது.

192.168.1.50 என்ற எண் ரவுட்டர் தானாகப் பங்கிடும் எண்களுக்குள் இருந்தால், ஒருநாள் யாரோ ஒருவரின் செல்போனுக்கும் அதே எண் போய்ச் சேரும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் டிஹெச்சிபி தொடக்கத்தை 100 என்று மாற்றிவிடுவது நல்லது.

இரண்டையும் எழுப்புங்கள்:

சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் ஷெட்

சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் நெட்

என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ஷோ என்று கேட்டால் பழைய வயர்டு கனெக்‌ஷன் 1, 2 இன்னும் உட்கார்ந்திருக்கலாம். அவற்றை கனெக்‌ஷன் டெலீட் கொடுத்து நீக்குங்கள். பெயருக்குள் ஸ்பேஸ் இருப்பதால் பெயரை, பட்டியலில் உள்ள பெரிய எழுத்தோடு அப்படியே, மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இதைச் செய்யாமல் வந்தால் அடுத்த ரீபூட்டில் பழைய அமைப்பே முந்திக்கொள்ள வாய்ப்பு உண்டு. வேலை முடித்துவிட்டு வீடு போய்ச் சேரும் முன் போன் வருவது இதனால்தான்.

சரிபார்க்க:

ஐபி ரவுட்

டீஃபால்ட் என்று தொடங்கும் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் இஎன்பி3எஸ்0 இருக்க வேண்டும். ஐபி ரவுட் கெட் 8.8.8.8 என்று கூகுளின் எண்ணைக் கொடுத்துக் கேட்டால் எந்தக் கார்டு வழியாகப் போகிறது என்று நேராகவே சொல்லிவிடும். பிறகு 192.168.1.1, 8.8.8.8, அடுத்து ஏதாவது ஒரு தளத்தின் பெயர் என்ற வரிசையில் பிங் செய்யுங்கள். 8.8.8.8 பதில் சொல்லி, பெயர் மட்டும் தடுமாறினால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸின் எண்ணில் கை வையுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். ஒரு கார்டின் எண்ணே 169.254 என்று தொடங்கினால், அந்தக் கார்டு இன்னும் டிஹெச்சிபியைக் கேட்டுக் காத்திருந்து பதில் கிடைக்காமல் தானே ஓர் எண் போட்டுக்கொண்டது என்று பொருள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்பாடியில் உட்கார்ந்துகொண்டு ஆம்பூர் கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து நெட் பக்கக் கார்டை மாற்றாதீர்கள். ஓர் எண் தப்பினாலும் நீங்கள் ஏறி வந்த பாதையே அறுந்துவிடும். பிறகு பஸ் ஏறித்தான் போக வேண்டும். உபுண்டு சர்வரில் நெட்வொர்க் அமைப்பை எழுதி வைக்கும் நெட்பிளான் கோப்பு இருந்தால் சுடோ நெட்பிளான் ட்ரை பாதுகாப்பானது. 120 வினாடிக்குள் என்டர் தட்டாவிட்டால் பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும். அந்தக் கோப்பில் இடைவெளிக்கு ஸ்பேஸ் மட்டுமே. ஒரு டேப் விழுந்தாலும் ஏற்காது.

கத்திரி வெயில் முடிகிற நாட்களில் சாயங்காலம் இடியோடு மழை அடித்தால் லேன் போர்ட் போவது உண்டு, அதுவும் ஒயர் ஆபீஸிலிருந்து ஷெட்டுக்கு வெட்டவெளியில் போகிற இடங்களில். ஐபி லிங்க் பட்டியலில் கார்டின் பெயரே இல்லை, கணினியில் உள்ள பிசிஐ கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கொடுத்தாலும் இல்லை என்றால் அது எரிந்துவிட்டது. புதுக் கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டால் பெயரும் மாறும், இஎன்பி5எஸ்0 என்று வரலாம். ஷெட் அமைப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டு சும்மா இருக்கும். எல்லாவற்றையும் மறுபடி தட்ட வேண்டாம், இது போதும்:

சுடோ என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் மாடிஃபை ஷெட் கனெக்‌ஷன்.இன்டர்ஃபேஸ்-நேம் இஎன்பி5எஸ்0

பிறகு கனெக்‌ஷன் அப் ஷெட். ஒருமுறை ரீபூட் செய்து, வருகைப்பதிவு மெஷினும் இ-வே பில் தளமும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டே கிளம்புங்கள்.