ஹெபடைட்டிஸ் சி-யும் சர்க்கரை நோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹெபடைட்டிஸ் சி என்றதும் கல்லீரலையும் மஞ்சள் காமாலையையும் நினைப்பவர்கள், அதற்கும் இரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்று பெரும்பாலும் நினைப்பதில்லை. உணவிலிருந்து வரும் குளுக்கோஸைச் சேமித்து வைப்பதும், வயிறு காலியாக இருக்கும்போது அளவோடு வெளியிடுவதும் கல்லீரலின் வேலை; அந்த வேலையை நெறிப்படுத்துவது இன்சுலின். ஹெபடைட்டிஸ் சி-யை உண்டாக்கும் வைரஸின் புரதங்கள் கல்லீரல் செல்லுக்குள் இன்சுலினின் கட்டளை கடத்தப்படும் பாதையைக் குலைக்கின்றன. நாள்பட்ட அழற்சியில் சுரக்கும் வேதிப்பொருள்களும் அதற்குத் துணைபோகின்றன. கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து சில காலம் ஈடுகொடுக்கும். அது முடியாமல் போகும்போது இரண்டாம் வகை நீரிழிவு தலைகாட்டுகிறது.

ஆபத்து எத்தனை மடங்கு என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்க மக்கள்தொகைத் தரவுகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 40 வயதைக் கடந்த தொற்றாளர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேற்பட்ட வாய்ப்பைக் காட்டியது. அதே நாட்டின் பிற்காலத் தரவுகளை ஆராய்ந்தவர்களுக்கு அந்தத் தொடர்பு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே, "சி தொற்று வந்தால் சர்க்கரை வந்தே தீரும்" என்று அஞ்சுவதும் தவறு. தொடர்பே இல்லை என்று ஒதுக்குவதும் தவறு.

நடைமுறையில் அதிகம் காணப்படும் தவறு, இரண்டு நோய்களையும் இரண்டு தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்வதுதான். கல்லீரல் மருத்துவரிடம் சர்க்கரை மாத்திரைகளைப் பற்றிச் சொல்வதில்லை. சர்க்கரை மருத்துவரிடம் வைரஸைப் பற்றிச் சொல்வதில்லை. நீரிழிவு சேர்ந்துவிட்டால் கல்லீரலில் வடுத் திசு உருவாவது விரைவுபடுகிறது, கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது என்பதால், இந்த மௌனத்தின் விலை சிறியதன்று. உடல் மெலிந்திருப்பதால் சர்க்கரை வராது என்று சோதனையைத் தள்ளிப்போடுவதும் இதே வகைதான். வைரஸ் உண்டாக்கும் இன்சுலின் எதிர்ப்புக்கு, அதாவது இன்சுலினின் கட்டளைக்கு உடல் சரிவரக் கட்டுப்படாத நிலைக்கு, உடல் பருமன் கட்டாயமில்லை.

சோதனை முடிவைப் படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. இரத்தச் சிவப்பணுக்களில் படிந்த சர்க்கரையைக் கொண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை 6.5 சதவீதத்தைத் தொட்டால் நீரிழிவு என்பது பொது விதி. ஆனால் கல்லீரல், வடுத் திசு மிகுந்து இறுகிப்போகும் சிரோசிஸ் நிலையை எட்டி, மண்ணீரல் வீங்கி, சிவப்பணுக்கள் முன்கூட்டியே அழியத் தொடங்கிவிட்டால், சர்க்கரை படிவதற்கு அவற்றுக்குப் போதிய ஆயுள் கிடைப்பதில்லை. உண்மை நிலையைவிடக் குறைந்த எண்ணே தாளில் வரும். சிரோசிஸ் உள்ளவர்களில் சிலருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சரியாகவே இருக்கும். குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போதுதான் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும். இத்தகையவர்கள் ஒரே ஓர் எண்ணை நம்பி நிம்மதியடையக் கூடாது.

கவனம் தேவைப்படும் கட்டம் சிகிச்சை தொடங்கியபின் வருகிறது. நேரடியாக வைரஸைத் தாக்கும் இன்றைய மாத்திரைகள் பெரும்பாலும் 8 அல்லது 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன. வைரஸ் ஒழிய ஒழிய, அதுவரை மந்தமாக இருந்த இன்சுலின் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். நல்ல செய்திதான், ஆனால் நோயாளி விழுங்குவது இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு மாத்திரையைப் பழைய அளவில் அல்லது போட்டுக்கொள்வது பழைய அளவு இன்சுலினை. மதிய உணவு சற்றே தாமதமான ஒரு நாளில் கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் என்று சர்க்கரை இறங்குவதை, புதிய மாத்திரையின் பக்கவிளைவு என்று எண்ணிப் படுத்துக்கொள்வது அபாயகரமான தவறு. அந்த நேரத்தில் சர்க்கரையை அளந்து பார்க்க வேண்டும். அளக்க வழியில்லையென்றால் உடனே இனிப்பாக ஏதேனும் உட்கொள்ள வேண்டும். சிகிச்சையின் முதல் வாரங்களில் வழக்கத்தைவிட அடிக்கடி சோதித்து, மருந்தின் அளவை மருத்துவரிடம் குறைத்துக்கொள்வதே முறை. தாமாகவே நிறுத்திவிடுவதும் கூடாது.

சர்க்கரை மாத்திரையான மெட்பார்மின் கல்லீரலைக் கெடுக்கும் என்று கேள்விப்பட்டு அதைக் கைவிடுபவர்களும் இருக்கிறார்கள். கல்லீரலின் செயல்பாடு ஓரளவு நன்றாக இருக்கும்வரை அந்த மருந்து பொதுவாகத் தொடரப்படுகிறது. வயிற்றில் நீர் கோத்து முற்றிய சிரோசிஸிலும், மிகையான மதுப் பழக்கத்திலும்தான் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகும் அபாயம் கருதி அதைத் தவிர்க்கிறார்கள். எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

சர்க்கரை அளக்கும் வீட்டில் இன்னொரு கவனக்குறைவு நடக்கிறது. ஊசியை மட்டும் மாற்றிவிட்டு, விரலில் குத்தும் பேனாவைக் குடும்பத்தினர் பகிர்ந்துகொள்கிறார்கள். விரலைத் தொடும் அதன் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டியிருந்தாலும் தொற்று பரவ அது போதும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை என்பதால், பேனா ஆளுக்கொன்றாக இருப்பது கட்டாயம்.

வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கியதைத் தேடும் எதிர்ப்பொருள் சோதனை, குணமானபின் எடுத்தாலும் பெரும்பாலும் பாசிட்டிவ் என்றே வரும். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதாகக் கலங்க வேண்டியதில்லை. வைரஸ் இருக்கிறதா என்பதைச் சொல்வது, அதன் மரபுப் பொருளைத் தேடும் ஆர்என்ஏ சோதனை. சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பிறகும் அதில் வைரஸ் தென்படவில்லையென்றால் குணமாகிவிட்டதாகப் பொருள். சர்க்கரையின் கணக்கு வேறு. சிலருக்கு அது இறங்கி நிலைக்கிறது. எடையும் பரம்பரையும் காரணமாக இருந்தவர்களுக்கு மறுபடி ஏறுகிறது, குறைத்த மாத்திரையைக் கூட்ட வேண்டியும் வருகிறது. முன்பே சிரோசிஸ் வந்துவிட்டவர்கள் வைரஸ் போனபின்னும் 6 மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுத்துவர வேண்டும். நீரிழிவும் உடனிருந்தால் அதைத் தவறவிடவே கூடாது.