மேசை வாளில் டாடோ பிளேட் தொகுதியைப் பாதுகாப்பாகப் பூட்டி வெட்டும் முறை

அலுமாரியின் இறாக்கைகள் பக்கப் பலகைக்குள் உறுதியாக அமர்வதற்குத் தேவையான அகலத் தவாளிப்பை ஒரே ஓட்டத்தில் எடுத்துத் தருவது டாடோ பிளேட் தொகுதி ஆகும். இரு ஓரங்களிலும் இரண்டு வட்ட வாள்கள், அவற்றுக்கு நடுவே தேவையான எண்ணிக்கையில் சிப்பர்கள் (இடைப்பட்ட மரத்தைச் செதுக்கி எடுக்கும், சில பற்களே உள்ள தகடுகள்), நுண்ணளவைச் சரிசெய்ய மெல்லிய வளையத் தகடுகள் என்பனவே அதன் உறுப்புகள். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் புதிதாகப் பட்டறை தொடங்கும் தம்பிமார் பலர் இத்தொகுதியை இணையவழியில் வரவழைத்துவிட்டு, எப்படிப் பூட்டுவது என்று என்னிடம் கேட்கின்றனர். பூட்டுவதற்கு முன், உங்கள் இயந்திரம் அதனைத் தாங்குமா என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இப்பதிவில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தண்டும் நட்டும்

மின்செருகியைக் கழற்றி, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆளியை மட்டும் நிறுத்திவிட்டு வாளில் கை வைக்கலாகாது.

டாடோ தொகுதி அமெரிக்கப் பட்டறைகளில் பரவலாகப் புழங்குவது; அங்குள்ள 10 அங்குல வாள்களின் தண்டு, அதாவது வட்ட வாளைப் பூட்டிச் சுழற்றும் அச்சு, பொதுவாக 5/8 அங்குல விட்டமுடையது. நமது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப வரும் இயந்திரங்கள் பலவற்றில் தண்டின் விட்டம் வேறாக இருக்கும். ஐரோப்பியச் சந்தைக்கென அமைந்தவற்றில் தண்டு குட்டையாகவும் இருக்கும். விட்டம் பொருந்தாவிட்டால் தொகுதியின் துளையைக் கடைந்து பெருப்பிக்கவோ, தளர்வான வளையத்தை இட்டு நிரப்பவோ முயல வேண்டாம். அத்தொகுதி உங்கள் வாளுக்கு உரியதன்று.

விட்டம் பொருந்தினால், வேண்டிய அகலத்துக்குத் தொகுதியை அடுக்கி, நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். தண்டின் நுனி நட்டின் வெளிமுகத்துடன் மட்டமாகவோ அதற்கு வெளியே நீண்டோ தெரிய வேண்டும். அப்போதுதான் நட்டின் புரிகள் அனைத்தும் தண்டைப் பற்றியிருக்கின்றன என்று கொள்ளலாம். பாதிப் புரியில் நிற்கும் நட்டு இறுக்கும்போது உறுதியாகத் தோன்றினாலும், இயந்திரத்தை நிறுத்தும் வேளையில் அது ஆபத்தாகிவிடும். மரத்தை வெட்டும்போது ஏற்படும் தடை நட்டை இறுக்கும் திசையிலேயே புரி அமைந்திருக்கிறது. ஆனால் இயந்திரத்தின் தடுப்பு (பிரேக்) தண்டைச் சட்டென நிறுத்தும்போது, பாரமான தொகுதி தன் வேகத்தில் தொடர்ந்து சுழல முயன்று நட்டைக் கழற்றும் பக்கமாக இழுக்கும். சாதாரண வாளின் எடை குறைவு என்பதால் அதில் பெரிதாகத் தெரியாத இந்த விசை, பல தகடுகள் சேர்ந்த தொகுதியில் பன்மடங்காகிறது. ஆகவே விரைவுத் தடுப்புள்ள இயந்திரத்தின் கைந்நூல் டாடோவை அனுமதிக்காவிட்டால், அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

நட்டு முழுமையாகப் பற்றவில்லையென்றால் ஒரு சிப்பரைக் குறைத்து, தவாளிப்பை இரண்டு ஓட்டமாக வெட்டுங்கள். வெளி வொஷரைக் கழற்றி இடம் பண்ணும் வழக்கத்தைக் கைந்நூல் வெளிப்படையாக அனுமதித்தாலன்றிப் பின்பற்ற வேண்டாம்.

உள்ளூரில் இரும்புச் சட்டம் ஒட்டி, மோட்டாரும் பட்டியும் பூட்டிச் செய்யப்பட்ட வாள் என்றால் வேகத்தையும் கணக்கிடுங்கள். 1440 சுற்று மோட்டாரில் 6 அங்குலக் கப்பியும், வாள் தண்டில் 2½ அங்குலக் கப்பியும் இருந்தால், தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3450 சுற்றுகள் சுழலும். தொகுதியில் பொறிக்கப்பட்ட உச்ச வேகம் இதனை விடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

அடுக்குதல்

வாவிக் காற்றும் கடற்காற்றும் படும் நம் ஊரில் தகடுகளில் துரு விரைவில் ஏறும். துருவோ தூளோ இடையில் இருந்தால் தகடுகள் ஒன்றோடொன்று மட்டமாக அமரா; ஒவ்வொரு முகத்தையும் துடைத்துவிட்டே அடுக்குங்கள். சிப்பரின் பற்கள் ஓர வாளின் பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் அமர வேண்டும். அடுத்தடுத்த சிப்பர்களை வட்டத்தைச் சுற்றிச் சமமாகப் பரப்ப வேண்டும். பல்லின் கார்பைட் முனை அடுத்த தகட்டில் முட்டினால் தொகுதி சரியாக இறுகாது. முனை உடைந்து தெறிக்கவும் கூடும்.

18 மில்லிமீற்றர் என்று விற்கப்படும் ஒட்டுப்பலகை பெரும்பாலும் அதனை விடச் சற்று மெல்லியது என்பதால், பலகையை அளந்த பின்பே தகடுகளைத் தெரிவுசெய்யுங்கள். 1/8 அங்குல ஓர வாள்கள் இரண்டு, அதே தடிப்பில் சிப்பர்கள் மூன்று, 1/16 அங்குலச் சிப்பர் ஒன்று ஆகியவை சேர்ந்தால் ஏறத்தாழ 17.5 மில்லிமீற்றர் வரும். மீதியை வளையத் தகடுகளால் நிரப்பலாம்.

வாள் மேலெழும் திறப்பைச் சுற்றி மேசையில் பதிந்திருக்கும் வாய்த் தட்டையும் மாற்ற வேண்டும், ஏனெனில் சாதாரணத் தட்டின் பிளவு டாடோவுக்குப் போதாது. எல்லாம் பூட்டிய பின் தொகுதியைக் கையால் முழுச் சுற்றுச் சுற்றி, எங்கும் உரசவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள்.

புதிதாக வாங்குவோருக்கு 8 அங்குலத்தை விட 6 அங்குலத் தொகுதியையே பரிந்துரைப்பேன். இறாக்கைத் தவாளிப்பு 6 மில்லிமீற்றர் ஆழமிருந்தால் போதும். அதற்குப் பெரிய விட்டமும் கூடுதல் எடையும் தேவையில்லை. சாய்வாக ஆடிச் சுழலும் ஒற்றைத் தகட்டு வகையை வாங்க வேண்டாம். அது அதிர்வைத் தரும், தவாளிப்பின் அடியும் வளைந்துவிடும்.

வெட்டுதல்

டாடோ வெட்டும்போது பாதுகாப்பு மூடியும், வாளுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத் தகடும் கழற்றப்பட்டிருக்கும். அவை இல்லாத இடத்தை உங்கள் கவனமும் தள்ளுகட்டையும் நிரப்ப வேண்டும். தவாளிப்பு பலகையின் அடியில் மறைவாக வெட்டப்படுவதால், பல் எங்கே இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது. வாள் செல்லும் பாதையை வாய்த் தட்டின் முன்னும் பின்னும் சிவப்பு மையால் கோடிட்டு, அக்கோடுகளுக்கு இடையில் கை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். றப்பர் அடியுள்ள அகலத் தள்ளுகட்டைகள் இரண்டு வைத்திருங்கள். ஒல்லியான தள்ளுகோல் பலகையைக் கீழே அழுத்தாது.

முதிரை, பாலை போன்ற வன்மரங்களில் 3 மில்லிமீற்றராக இரண்டு தடவையில் ஆழத்தை எடுங்கள். மாரியில் ஊறிய அல்லது கச்சான் காற்றில் வளைந்த பலகையை முதலில் மட்டப்படுத்த வேண்டும். மேசையில் ஆடும் பலகையை வாள் உங்கள் பக்கமாகத் திருப்பி எறியும். சுழலும் வாளின் மேல் பலகையை இறக்கி நடுவில் வெட்டுத் தொடங்குவதும் அதே ஆபத்தையே தரும். கையுறையும் தொங்கும் சாரமும் வாளருகில் கூடாது. வேலை முடிந்ததும் மூடியையும் பிளவுத் தகட்டையும் அன்றே திரும்பப் பூட்டிவிடுங்கள்.

பின்னர் சேர்த்தது

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர், வெட்டும் நடுவில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உடனே ஆளியை அணைத்து, வாள் முற்றாக நின்ற பின்பே பலகையை எடுக்க வேண்டும். மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத காந்த ஆளியை இயந்திரத்தில் பூட்டுவது இன்னும் நல்லது.

கைச் சுழல்வாளிலோ கிரைண்டரிலோ இத்தொகுதியைப் பூட்டலாமா என்றும் இருவர் கேட்டனர். ஒருபோதும் கூடாது. தண்டு பொருந்தாதவர்கள் ரவுட்டரில் (மரத்தில் தவாளிப்பு எடுக்கும் கை இயந்திரம்) நேர் வெட்டியைப் பூட்டி, பலகையின் மேல் நேர்ச்சட்டம் ஒன்றை இறுக்கி, அதன் ஓரமாக இதே தவாளிப்பை எடுக்கலாம். சில ஓட்டங்கள் கூடுதலாகத் தேவைப்படும், வெட்டு அதே அளவு சுத்தமாக வரும்.