வேலூர்ப் பக்கம் பாராகிளைடர்: தரையில் பழகுவதும் மடித்து வைப்பதும்

மகாராஷ்டிரத்தின் காம்ஷேத்திலோ இமாச்சலத்தின் பீர் ஊரிலோ பாராகிளைடிங் அடிப்படைப் பயிற்சியை முடித்து, புதிதாகவோ செகண்ட் ஹேண்டிலோ ஒரு விங் (பாராகிளைடரின் துணிச் சிறகு) வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தவர்களுக்கான பதிவு இது. அங்கே பயிற்றுநர் ரேடியோவில் கத்திக்கொண்டே இருப்பார். இங்கே காய்ந்த ஏரியில் நீங்களும் காற்றும்தான். ரைசர் (உடம்பில் மாட்டும் ஹார்னஸை லைன்களோடு இணைக்கும் பட்டை), பிரேக் (பின்விளிம்பை இழுக்கும் கைப்பிடி), ஏ லைன் (முன்விளிம்புக்குப் போகும் கயிறு), சி லைன் (பின்பக்கக் கயிறு) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். பயிற்சியே எடுக்காமல் இதைப் படித்துவிட்டு ஏலகிரி மலை விளிம்புக்குக் கிளம்ப நினைப்பவர்கள், தயவுசெய்து வேண்டாம்.

நம் பக்கத்தில் விங் வானத்தில் கெடுவதைவிடத் தரையில் கெடுவதுதான் அதிகம். வெயில், முள், மணல், கார் டிக்கி. இந்த நான்கையும் சமாளித்தால் துணி பல வருடம் வரும்.

இடம்

பாலாறு அகலமாக, காலியாகக் கிடக்கிறதே என்று அங்கே போகத் தோன்றும். போகாதீர்கள். மணல் செல்களுக்குள் (விங்கின் உள்ளறைகளுக்குள்) புகுந்து பின்விளிம்பில் போய்ச் சேரும். துணியின் மேல்பூச்சைத் தேய்க்கும், தையலை அறுக்கும். பின்விளிம்பில் சேர்ந்த எடையால் விங் எழும்பும் விதமே மாறிவிடும். புல் முளைத்த ஏரிப்படுகை அல்லது பள்ளி மைதானம் நல்லது. நெல் அறுத்த வயலும் சரிப்படாது, தாளில் லைன் மாட்டும்.

விரிப்பதற்கு முன் இடத்தை ஒருமுறை செருப்பில்லாமல் நடந்து பாருங்கள். நெருஞ்சி இருந்தால் கால் சொல்லிவிடும். சீமைக் கருவேல முள் காய்ந்து உதிர்ந்து கிடந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். காற்று போகும் திசையில் குறைந்தது 100 மீட்டருக்கு மின்கம்பி, கிணறு, வேலி எதுவும் இருக்கக் கூடாது. காட்பாடி – ஜோலார்பேட்டை ரயில் பாதையின் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். அதன் ஓரமாக உள்ள மைதானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். அப்துல்லாபுரம் விமான நிலையம், அரக்கோணம் கடற்படை விமானத் தளம் இரண்டின் சுற்றுவட்டாரத்தையும் பறக்கும் திட்டத்திலிருந்து முழுதாக நீக்கிவிடுங்கள்.

வேடிக்கை பார்க்க ஆட்கள் கண்டிப்பாக வருவார்கள். லைனை மிதிக்காமல் தள்ளி நிற்கச் சொல்வதற்கு ஒரு நண்பரைக் கூட்டிப் போவது நல்லது. பீடி பிடிப்பவர்களையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். ஒரு பொறி விழுந்தால் நைலானில் ஓட்டை.

நேரமும் காற்றும்

இந்தப் பக்கத்துப் பாறைக் குன்றுகள் காலை பத்து மணிக்குள் சூடேறிவிடும். அதற்குப் பிறகு தெர்மல் (மேலேறும் சூடான காற்று) கிளம்பும், காற்று திக்குத்திக்காக அடிக்கும். கத்திரி வெயில் காலத்தில் புழுதியைச் சுழற்றிக்கொண்டு வரும் சூறைக்காற்றைப் பார்த்திருப்பீர்கள். விங்கோடு மாட்டிக்கொண்டு நிற்கும் ஆளை அது தூக்கி எறியக்கூடியது. விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை, மாலையில் நாலரைக்கு மேல், இவ்வளவுதான் உங்கள் நேரம். ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை மாலையில் இடிமேகம் திரளும் நாட்கள் உண்டு. தூரத்தில் கருக்கல் தெரிந்தாலே மடித்துவிடுங்கள். மழைக்கு முன்னால் ஓடிவரும் காற்று, மேகம் இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே வந்து சேரும்.

தரைப் பயிற்சிக்கு மணிக்கு 10 முதல் 18 கி.மீ. காற்று சுகம். 25-ஐத் தொட்டால் நிறுத்துங்கள். சராசரிக் காற்றுக்கும் திடீர் வீச்சுக்கும் 10 கி.மீ. வித்தியாசம் இருந்தால் சராசரி குறைவாக இருந்தாலும் நிறுத்துங்கள். காற்று அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் தரையைப் பார்க்கலாம்: இலையும் சிறு குச்சியும் விடாமல் ஆடினால் சரியான காற்று. புழுதியும் காகிதமும் கிளம்பினால் உங்கள் காற்று அல்ல. போன் ஆப் காட்டும் காற்று ஊருக்கானது, உங்கள் ஏரிக்கானது அல்ல. எனக்கு விலை உயர்ந்த கருவிகளைவிட மூங்கில் குச்சியில் கட்டிய ஒன்றரை அடி ரிப்பன் பிடிக்கும். காற்று எவ்வளவு, எந்தப் பக்கம், எவ்வளவு அலைகிறது என்று ஒரே பார்வையில் தெரியும்.

திரும்பி நின்று எழுப்புவது

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

விங்கைப் பின்விளிம்பு உங்கள் பக்கம் இருக்கும்படி மல்லாக்க விரியுங்கள். லைன்களைப் பிரித்துப் பார்த்து, ஹார்னஸை மாட்டுங்கள். கால் பட்டை இரண்டு, மார்புப் பட்டை ஒன்று. இந்த மூன்றையும் தரைப் பயிற்சியிலும் வாய்விட்டு எண்ணுங்கள். கால் பட்டை மறந்து மலையிலிருந்து கிளம்பியவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். ரிசர்வ் (அவசரப் பாராசூட்) கைப்பிடியின் ஊசி அதன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, ஹெல்மெட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது காற்றை நோக்கி, விங் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வலது ரைசரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டே இடப்பக்கமாகத் திரும்பி விங்கைப் பாருங்கள். ரைசர்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடக்கும். மேலே கிடக்கும் ரைசர் உங்கள் இடுப்பின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? வலது. அப்படியானால் கிளம்பும்போது வலப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். மேல் ரைசர் எந்த இடுப்பிலோ, அந்தப் பக்கம் திரும்பு. இதை மாற்றித் திரும்பினால் ரைசர்கள் முழுச் சுற்றுச் சுற்றிக்கொள்ளும், பிரேக் இறுகிவிடும், அந்த நிலையில் கால் தரையைவிட்டுக் கிளம்பினால் விங் உங்கள் பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திரும்பும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்று வலம், நாளை இடம் என்று மாற்றி மாற்றிப் பழகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் உடம்பில் ஊறட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்த குழப்பம் பிரேக். திரும்பி நிற்கும்போதே வலது பிரேக் வலது கையில், இடது பிரேக் இடது கையில் இருக்க வேண்டும். அப்போதுதான் முன்னால் திரும்பும்போது கை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் ரைசர்கள் குறுக்காகக் கிடப்பதால், வலது கையை இழுத்தால் உங்கள் கண்ணுக்கு இடப்பக்கம் தெரியும் பாதிதான் அசையும். இங்கேதான் மூளை சிக்கிக்கொள்ளும். வழி இது: விங் உங்கள் கண்ணுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே காலை நகர்த்தி, அந்தப் பக்கக் கையையே இழுங்கள். இடப்பக்கம் சாய்கிறதா? இடப்பக்கம் நகர்ந்து இடது கை. அந்தக் கை எதிர்ப்புறம் உயர்ந்து நிற்கும் பாதியைப் பிடித்துக் கீழே கொண்டுவரும். கை பாதி, கால் பாதி. கையை மட்டும் நம்பினால் விங் வேகம் இழந்து பின்னால் விழும்.

எழுப்பும்போது ஏ ரைசர்களை இழுக்க வேண்டாம், தாங்கிப் பிடித்தால் போதும். எடையைப் பின்னால் சாய்த்தால் விங் தானாக ஏறும். காற்று பலமாக இருந்தால் விங் ஏறும்போது நீங்களும் அதை நோக்கி ஓரிரு அடி வையுங்கள். தலைக்கு மேல் வருவதற்குச் சற்று முன்னால் பிரேக்கால் மெல்லத் தடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் பாய்ந்து மடிந்துவிடும். திரும்பும் அவசரம் வேண்டாம். பின்னோக்கி நின்றபடியே ஐந்து நிமிடம் விங்கைத் தலைமேல் வைத்திருக்க முடிந்த பிறகே முன்னால் திரும்புங்கள்.

காற்று இழுத்துக்கொண்டு போனால்

பிரேக்கை இரு கையாலும் பாதி இழுப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது முதலில் தூக்கும், பிறகுதான் விங்கைச் சாய்க்கும், அதற்குள் நீங்கள் முள்ளில் கிடப்பீர்கள். சி ரைசர் இரண்டையும் கெட்டியாகப் பிடித்து இழுத்து, விங்கை நோக்கி ஓடுங்கள். அது கைக்கு வராவிட்டால் ஒரே ஒரு பிரேக் லைனைக் கைமேல் கையாக, துணி கைக்கு வரும்வரை இழுங்கள். விங் சுழன்று அடங்கும். கையுறை இல்லாமல் இதைச் செய்தால் லைன் தோலை அறுத்துவிடும். தோட்ட வேலைக்கு விற்கும் மெல்லிய தோல் கையுறையே போதும்.

மடிப்பது

முன்விளிம்பில் பிளாஸ்டிக் கம்பிகள் இருக்கின்றன. பந்து போலச் சுருட்டினால் அவை வளைந்து நிற்கும், விங் கோணலாக எழும்பும். விசிறிமடிப்பாக, செல்மேல் செல் வைத்து, கம்பிகள் தட்டையாகப் படியும்படி அடுக்குங்கள். இதற்கென்றே விற்கும் நீளப் பை வாங்கத் தகுந்தது. காற்றை அமுக்கி வெளியேற்றச் சாய்ந்து படுக்கலாம், முழங்கால் மட்டும் போடாதீர்கள். உள்ளே வெட்டுக்கிளி, வண்டு இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நசுங்கினால் அதன் சாறு துணியை அரிக்கும்; உயிரோடு மாட்டிக்கொண்டால் கடித்துக்கொண்டு வெளியே வரும்.

விங் தரையில் சும்மா வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் வீண். புற ஊதாக் கதிர் நைலானைப் பறக்கும்போதும் தின்கிறது, டீ குடிக்கும்போதும் தின்கிறது. இடைவேளை என்றால் பைக்குள் திணித்துவிடுங்கள்.

வீட்டில் காற்றோட்டமான, உலர்ந்த, இருட்டான அறை. மே மாதத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது மூடிய கார் டிக்கி அடுப்பாகிவிடும். தகர ஷெட்டும் அப்படித்தான். பையை இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வையுங்கள். எலி நடமாட்டம் உள்ள வீட்டில் இரும்பு பீரோ நல்லது, ஆனால் ஈரம் துளியும் இருக்கக் கூடாது.

கழுவலும் ஒட்டலும்

கழுவாமல் இருப்பதே நல்லது. கறை பட்டால் வெறும் தண்ணீரும் மென்மையான ஸ்பாஞ்சும். சோப்பு, வாஷிங் மெஷின், பெட்ரோல் எதுவும் கூடாது. அழுத்தித் தேய்த்தால் கறையோடு பூச்சும் போகும்.

தையலைத் தொடாத, விரல் நீளத்துக்குள்ளான கிழிசலை நீங்களே ஒட்டலாம். ரிப்ஸ்டாப் (கிழிசல் பரவாத நெசவுத் துணி) ஒட்டு டேப்பைக் கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2.5 செ.மீ. வரும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, துணியின் இருபுறமும் ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியும். தையல்மேல் கிழிந்தாலோ லைன் உறை தேய்ந்து உள்நார் தெரிந்தாலோ பட்டறைக்குத்தான். அறுந்த லைனில் முடிச்சுப் போட்டுப் பறப்பது கூடவே கூடாது. முடிச்சு நீளத்தையும் குறைக்கும், பலத்தையும் குறைக்கும்.

பிறகு சேர்த்தது

மார்கழி, தை காலைகளில் புல்லில் பனி நிற்கும். விங் நனைந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். நிழலில், காற்றில், கொடியில் தளர்வாகத் தொங்கவிட்டுக் காயவையுங்கள். மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள். செல் மூலைகள் கடைசியாகத்தான் காயும். கையை விட்டுப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் துணியின் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். காற்று கசியும் அளவை அளந்த சான்று, லைன் நீளம் அளந்த சான்று இரண்டையும் கேளுங்கள். டைனீமா என்ற இழையில் செய்த லைன் பயன்பாட்டில் சுருங்கும். சுமை அதிகம் தாங்காத பின்வரிசை லைன்களில்தான் சுருக்கம் கூடுதல், அதனால் விங் மெதுவாகி, தலைமேல் ஏறத் தயங்கும். எழும்பாமல் பின்னாலேயே தொங்கும் பழைய விங்கில் பெரும்பாலும் குற்றம் உங்கள் கையில் இல்லை, லைனில்தான். முழுப் பரிசோதனை பொதுவாக 100 மணி நேரத்துக்கு அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் மாடலின் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. ரிசர்வை ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைப் பிரிக்காதீர்கள்.