அம்மிணிக்கு ஷூ வாங்கப் போனபோது

போன சித்திரையில் அக்கா மகள் அம்மிணிக்குக் கிரிக்கெட் ஷூ வாங்கக் கோயமுத்தூர் போனோம். பதினான்கு வயது, வலது கை வேகப்பந்து. கடையில் கேட்ட முதல் கேள்வி, "என்ன கலர் வேணுங்க?" அடுத்தது, "எவ்வளவுக்குள்ள பாக்கறீங்க?" எந்தத் தரையில் ஆடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நிறத்துக்கும் விலைக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது தரையைத்தான். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நிட்டிங் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து போடத் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது.

நம் பக்கத்து மைதானங்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் சிமெண்ட் பிட்ச், அதன்மேல் தேங்காய் நார் மேட்டிங். சுற்றிலும் செம்மண்ணும் சுக்காங்கல்லும். பல்லடம், உடுமலை பக்கம் சில இடங்களில் கரிசல். இந்தத் தரைக்கு அடியில் ரப்பர் ஸ்டட், அதாவது குட்டி ரப்பர் குமிழ்கள், வைத்த ஷூதான் சரி. இரும்பு ஸ்பைக், அதாவது அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, சிமெண்டில் இறங்காது, வழுக்கும். நாரில் மாட்டிக்கொண்டாலோ கால் அங்கேயே நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். எனக்கே நடந்தது. அடி முழுக்க ஆணி வைத்த புது ஃபுல் ஸ்பைக் ஷூவைப் போட்டுக்கொண்டு மேட்டிங்கில் ஓடி வந்தேன். நாலாவது பந்தில் இடது குதிகால் ஸ்பைக் நாரில் சிக்கி, முட்டி உள்பக்கமாகத் திருகியது. ஒரு மாதம் படி ஏறினால் வலி. மேட்டிங்கும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம், சேலம் வாழப்பாடி மைதானம் போல நிஜமான டர்ஃப் விக்கெட்டில் ஆடப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு. உருட்டிக் கெட்டியாக்கிய மண், மேலே புல், காலையில் பனி ஈரம். அங்கே ஸ்பைக் இல்லாமல் வேகமாக ஓடி வந்து காலை ஊன்றவே முடியாது.

ஸ்பைக் வந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. கிரிக்கெட் வளர்ந்தது தெற்கு இங்கிலாந்தின் ஈரப் புல்லில். 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் முட்டிவரை கால்சட்டை, நீளக் காலுறை, பக்கிள் வைத்த ஷூ என்று தினசரி உடையிலேயே ஆடினார்கள். பந்தை எடுக்கக் குனிந்தவரின் விரல் நகம் பக்கிளில் மாட்டிப் பிய்ந்ததாகக்கூட அந்தக் காலத்து நினைவுக் குறிப்பு உண்டு. அந்த நூற்றாண்டின் கடைசியில் சர்ரே அணியில் ஆடிய ராபர்ட் ராபின்சன் என்பவர் ஷூவின் ஒரு பக்கத்தில் மிக நீளமான ஆணிகளை வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டில் கணுக்காலை மூடும் தோல் பூட்ஸ் வந்தது. முதலில் பழுப்பு, கறுப்பு. நூற்றாண்டு முடிவதற்குள் வெள்ளை. வெளுப்பு மங்கினால் வெள்ளைக் களிமண் பூசுவார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்கு முன்னால் கேன்வாஸ் ஷூவில் சாக்பீஸ் தேய்த்த மாதிரிதான்.

இன்னொரு விஷயம் பந்து போடுகிறவர்களுக்கு முக்கியம். பந்து போடுகிறவர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் அது நோ-பால், செல்லாத பந்து. முன்பு அது பின்காலை வைத்துத்தான் பார்க்கப்பட்டது. அதனால் வேகப்பந்து வீச்சாளர்கள் பின்காலை இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவார்கள். அந்த இழுப்பில் ஷூ நுனி தேயாமல் இருக்க அங்கே இரும்புத் தகடு அடித்துக்கொண்டவர்கள் உண்டு. 1960களில் முன்காலை வைத்து நோ-பால் பார்க்கும் விதி வந்ததும் அந்த இழுப்பு குறைந்தது. பிறகு தாழ்ந்த கழுத்து, லேசான எடை, உள்ளே மெத்தை என்று ஷூ மாறியது. ஆனாலும் பின்கால் நுனி இன்றைக்கும் தேய்கிறது. வாங்கும்போது வலது ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே ரப்பர் மேலே ஏறி மூடியிருக்க வேண்டும். இடது கைப் பந்து வீச்சாளர் என்றால் இடது ஷூ.

வேகப்பந்து போடும்போது முன்கால் தரையில் இறங்குகிற கணத்தில் உடம்பு எடையைப்போல ஐந்து மடங்குக்கு மேல் விசை அதில் இறங்குகிறது. அம்மிணிக்கு 42 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு பந்துக்கும் 200 கிலோவுக்கு மேல். அதைத் தாங்கக் குதிகால் மெத்தை தடிமனாக இருக்க வேண்டும். குதிகாலைச் சுற்றியுள்ள சுவர் கையால் அமுக்கினால் மடங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். ஜாகிங் ஷூவில் மெத்தை உண்டு, அந்த விறைப்பு கிடையாது. நேராக ஓடச் செய்தது அது. பக்கவாட்டில் ஊன்றினால் கணுக்கால் மடங்கும்.

டர்ஃபில் வேகப்பந்து வீச்சாளருக்கு ஃபுல் ஸ்பைக். சுழற்பந்து வீச்சாளர் பந்தை விடும்போது ஊன்றிய காலின் மேல் திரும்புகிறவர். ஸ்பைக் அதிகமாகப் பிடித்துக்கொண்டால் அந்தத் திருப்பம் முட்டிக்குப் போகும். அதனால் முன்பாதத்தில் மட்டும் ஸ்பைக்கும் குதிகாலில் ரப்பரும் உள்ள ஹாஃப் ஸ்பைக் நல்லது. பேட்ஸ்மேனுக்கும் கீப்பருக்கும் அதுவே போதும். எல்லாத் தரையிலும் ஆடுகிற பிள்ளைக்கு ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு ரப்பர் ஸ்டட் முடுக்கிக்கொள்கிற மாதிரி ஷூ வாங்குங்கள். இரண்டு ஜோடி வாங்குவதைவிடச் செலவு குறையும். நாங்கள் வாங்கியது அதுதான்.

சைஸ் பார்க்கச் சாயங்காலம் போங்கள். நடந்து திரிந்த கால் காலையில் இருப்பதைவிடச் சற்று வீங்கியிருக்கும்; மைதானத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு, இரண்டு ஷூவையும் போட்டு எழுந்து நிற்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அதையும் பாருங்கள். இடம் பற்றாவிட்டால் முன்கால் இறங்கும்போதெல்லாம் பெருவிரல் நகம் ஷூவில் இடித்துக் கறுத்துப்போகும். 2020-இல் அடிலெய்டில் முகமது ஷமி இடது ஷூவின் முன்னால் ஓட்டை போட்டுக்கொண்டு பந்து வீசியது இந்த இடியிலிருந்து தப்பிக்கத்தான்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு சிரமம் உண்டு. நாங்கள் ஏறி இறங்கிய மூன்று கடையிலும் பெண்களுக்கென்று கிரிக்கெட் ஷூ இல்லை. பையன்களின் ஐந்தாம் நம்பர்தான் கிடைத்தது. நீளம் சரி, குதிகால் மட்டும் லூஸ். "மாமா, ஓடறப்ப பின்னால கழண்டு கழண்டு வருது" என்றாள். அதற்கு நாடா கட்டுவதிலேயே வழி இருக்கிறது. கணுக்காலுக்குப் பக்கத்தில், கடைசி ஓட்டைக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலும் சும்மா விடப்படும் இன்னொரு ஓட்டை இருக்கும். நாடாவைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்து அந்த ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சின்ன வளையம் உண்டாகும். இப்போது இந்தப் பக்க நாடாவை அந்தப் பக்க வளையத்துக்குள்ளும், அந்தப் பக்க நாடாவை இந்தப் பக்க வளையத்துக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அம்மிணி கடை வாசலிலேயே நாலு தப்படி ஓடிப் பார்த்துத் தலையாட்டினாள்.

சாக்ஸ் என் தொழிலுக்குப் பக்கத்து விஷயம், கொஞ்சம் கேளுங்கள். சாக்ஸைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். பாதத்திலும் குதிகாலிலும் துண்டுத் துணிபோலச் சின்னச் சின்ன நூல் சுருள் நிற்க வேண்டும். அதை டெர்ரி என்போம். தோலுக்கும் ஷூவுக்கும் நடுவே உராய்வை அந்தச் சுருள் வாங்கிக்கொள்ளும், கொப்புளம் வராது. முழுப் பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். பாலியஸ்டரோ நைலானோ கலந்தது மேல். விரல்களுக்கு மேலே வரும் தையல் தடித்திருந்தால் வாங்காதீர்கள். ஐம்பது ஓவர் நிற்கிறவருக்கு அந்தத் தையல் ஒன்றே போதும், விரலை அறுத்துவிடும்.

ஷூ வந்ததும் நேராக மேட்ச்சுக்குப் போடாதீர்கள். ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு வீட்டு மாடியில் பத்து நாள் நடக்கட்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஷூ தைக்கும் அண்ணனிடம் கொடுத்து சோலைச் சுற்றித் தையல் போட்டுக்கொள்வது நல்ல வழக்கம். வெறும் பசை நம் வெயிலில் இளகும். ஜிம்பாப்வேயின் ரயன் பர்ல் 2021-இல் ஒவ்வொரு தொடருக்குப் பிறகும் ஷூவைப் பசை போட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது என்று ட்விட்டரில் படத்தோடு போட்டாரே, நாட்டுக்காக ஆடுகிறவருக்கே அந்த நிலை. நனைந்தால் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள். உச்சி வெயிலில் காயவைத்தால் சோல் வாயைத் திறக்கும். கரிசல் ஒட்டினால் ஈரத்திலேயே நோண்டாமல், காய்ந்தபின் தேங்காய் நாரால் தட்டித் தேயுங்கள்.

ஸ்பைக் மரையில் மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் துருப்பிடித்து இறுகாது. கழற்றும் சாவி தொலைந்தால் வேறு கம்பெனி சாவி பொருந்துவது சந்தேகம். அம்மிணியின் சாவியை அவள் கிட் பேக் ஜிப்பிலேயே நாடா போட்டுக் கட்டிவிட்டேன்.